நோயாளிக்காக நிதி திரட்டுவது எப்படி? பினாங்கில் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். மேசை மீது ஒரு தனியார் மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதம் கிடந்தது. அதன் அடியில் 78,000 ரிங்கிட் என்ற தொகையைப் பேனாவால் இருமுறை கோடிட்டிருந்தார்கள். நோயாளியின் தம்பி அதற்குள் ஓர் அறிவிப்புப் படத்தைத் தயாரித்துவிட்டார்: மூக்கில் குழாயுடன் அண்ணன் படுத்திருக்கும் காட்சி, சிவப்பு எழுத்தில் தொகை, கீழே அவருடைய சொந்த வங்கிக் கணக்கு எண். "இன்னைக்கு ராத்திரியே வாட்ஸ்அப் புலனத்துல போட்டுடலாமா அண்ணே?" என்று கேட்டார். ஒரு வாரம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

அந்த ஒரு வாரத்தில் குடும்பத்தார் அரசு மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணி அதிகாரியைச் சந்தித்தார்கள். அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையிலேயே நடக்க வழி பிறந்தது. உடலில் பொருத்த வேண்டிய கருவிக்கு அமைச்சின் உதவி நிதிக்கு மனு போயிற்று. முடிவில் நாங்கள் பொதுமக்களிடம் கேட்ட தொகை 14,400 ரிங்கிட் மட்டுமே. அதுவும் சிகிச்சைக்காக அன்று. அவர் லோரி ஓட்டப் போக முடியாத ஆறு மாதங்களுக்கு, மாதம் 2,400 ரிங்கிட் வீதம், வாடகைக்கும் சமையல் சாமானுக்கும் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக்குமாகக் கணக்கிட்ட தொகை.

நிதி திரட்டும் வேலையில் பாதிக்கு மேல் முதல் அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே நடந்து முடிய வேண்டியது என்பதை நான் அங்கேதான் தெளிவாக உணர்ந்தேன். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த முன்வேலையைப் பற்றியே பேசுகிறது.

முதற்படி: நோயாளியின் வாயிலிருந்து சம்மதம்

குடும்பத்தார் ஒப்புக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நோயாளி பேசக்கூடிய நிலையில் இருந்தால் அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அதுவும் உறவினர் கூட்டம் இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படுத்தாமல் கேட்க வேண்டும். தம் நோயின் பெயர் வெளியே தெரிவதில் அவருக்குச் சம்மதமா, முகம் காட்டும் படத்தைப் பயன்படுத்தலாமா, வேலை செய்த இடத்திற்குத் தெரியப்படுத்தலாமா, பிள்ளைகளின் பெயரும் பள்ளியும் அறிவிப்பில் வரலாமா என்பவை தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு ஆம் என்றவர் மற்றொன்றுக்கு வேண்டாம் என்று சொல்லலாம்.

நம் மக்களிடையே இதில் ஒரு கூச்சம் உண்டு. ஒரு வீட்டில் கணவருக்குத் தெரியாமல் மனைவியே உதவி கேட்டு அறிவிப்புப் போட, வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒருவர் அதைக் கைப்பேசியில் காட்டித்தான் அவருக்கே விவரம் தெரிந்தது. அன்று முழுவதும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், யாரோடும் பேசவில்லை. அதன்பின் பணம் வந்தது. ஆயினும் அந்த அம்மாள் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் சொல்வது அந்த நாளைத்தான்.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை மிகவும் நுட்பமான தரவுகளின் வரிசையில் வைத்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, சம்மதத்தை ஒரு தாளில் எழுதி, நோயாளியின் கையெழுத்தையோ பெருவிரல் ரேகையையோ பெற்று, நாளிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ அறிக்கையை அப்படியே படம் பிடித்துப் பரப்ப வேண்டாம். அடையாள அட்டை எண்ணும் வீட்டு முகவரியும் அதில் இருக்கும். கேட்கும் நன்கொடையாளருக்கு நேரில் காட்ட ஒரு நகல் இருந்தால் போதும்.

இரண்டாம் படி: ஏற்கெனவே உள்ள உரிமைகளைத் தேடி எடுத்தல்

நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் படி இதுதான். மலேசியக் குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையில் வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணத்துவ மருத்துவரைப் பார்க்க 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 ரிங்கிட். இவ்வளவு குறைந்த கட்டணம் இருக்கும்போது குடும்பங்கள் ஏன் கடனில் மூழ்குகின்றன என்று வெளியூரார் வியப்பார்கள். காரணங்கள் நமக்குத் தெரியும். காத்திருக்கப் பயந்து தனியார் மருத்துவமனைக்குப் போவது ஒன்று. அரசு மருத்துவமனையிலேயே நோயாளி தாமே வாங்கித் தர வேண்டிய சில கருவிகளும் விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துகளும் இருப்பது இன்னொன்று. சம்பாதிப்பவர் படுக்கையில் விழுந்ததும் வருமானம் நின்றுபோவது எல்லாவற்றிலும் பெரியது.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறும் ஏழை நோயாளிகளுக்குச் சுகாதார அமைச்சின்கீழ் மருத்துவ உதவி நிதி ஒன்று உள்ளது. அதற்கான மனு மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு வழியாகவே போகிறது. ஆகவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "எங்களை மருத்துவச் சமூகப் பணி அதிகாரியிடம் அனுப்புகிறீர்களா?" என்ற ஒரே கேள்வி. கருவியை வாங்கிவிட்டு அப்புறம் மனுச் செய்யலாம் என்று இருந்துவிட வேண்டாம். மனு முதலில், கொள்முதல் பிறகு. சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு தாள் குறைந்தால் மறுபடி ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும், தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

அடுத்து சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் இருபது ஆண்டுகள் வேலை செய்து, மாதந்தோறும் சம்பளத்தில் சந்தா பிடிக்கப்பட்டும், நோயுற்றதும் அங்கே கேட்கலாம் என்று தெரியாத பலரைச் சந்தித்திருக்கிறேன். சொக்சோ வேலையிட விபத்துக்கு மட்டும் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். நோயினால் இனி வேலை செய்ய முடியாது என்று மருத்துவ வாரியம் உறுதி செய்தால் இயலாமை ஓய்வூதியம் உண்டு. தகுதியுள்ள சந்தாதாரருக்கு இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) செலவுக்கும் உதவி உண்டு. வேலையை விட்டு நீண்ட காலம் கழித்துப் போனால் தகுதி பற்றிய சிக்கல் எழலாம் என்பதால், ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே போய் விசாரிப்பது நல்லது.

ஊழியர் சேமநிதி வாரியம் கடுமையான நோய்களுக்கு மருத்துவ மீட்பை, அதாவது சேமிப்பிலிருந்து பணம் எடுப்பதை, அனுமதிக்கிறது. 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு இந்த மீட்பு செஜாத்தெரா கணக்கிலிருந்து நடக்கிறது. தம் சிகிச்சைக்கு மட்டுமல்லாமல், கணவர், மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோரின் சிகிச்சைக்கும் சந்தாதாரர் ஒருவர் மனுச் செய்யலாம். ஆனாலும் ஐம்பத்து மூன்று வயதுக்காரரிடம் அவருடைய சேமிப்பு முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் பொதுமக்களிடம் வர வேண்டும் என்று சொல்வது எனக்கு ஒப்பாது.

சமூக நல இலாகாவில் படுத்த படுக்கையான நோயாளியைப் பராமரிப்பவருக்கான உதவித் தொகையும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டையும் உண்டு. தமிழ் முஸ்லிம் குடும்பமாக இருந்தால் பினாங்கு ஸக்காத் அமைப்பை அணுகலாம். இரத்தச் சுத்திகரிப்புக்குத் தேசிய சிறுநீரக அறவாரியமும் வேறு பல அறநிலையங்களும் குறைந்த கட்டணத்தில் மையங்களை நடத்துகின்றன. பினாங்குத் தீவில் மெக்கலிஸ்டர் சாலையில் உள்ள சூ ச்சி பௌத்த அறநிலையத்தின் மையம் இனம் மதம் பாராமல் உதவுவது பலருக்குத் தெரிந்ததே. புற்றுநோய் முற்றிய நிலையில் வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் ஹொஸ்பிஸ் சேவை பினாங்கிலும் உண்டு. கோலாலம்பூர் வட்டாரத்தில் 1991இல் தொடங்கிய ஹொஸ்பிஸ் மலேசியா அதை இலவசமாகவே செய்துவருகிறது. இச்சேவையைக் கேட்பதற்கு நிதி திரட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இவற்றில் எதற்கும் அடையாள அட்டை வேண்டும். குடியுரிமை ஆவணச் சிக்கல் உள்ள நோயாளி என்றால் அதை முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். மேற்சொன்ன கதவுகளில் பல அவருக்குத் திறக்காமல் போகலாம் என்பதால் திரட்ட வேண்டிய தொகையே மாறிவிடும்.

மூன்றாம் படி: விடுபட்ட தொகை எவ்வளவு?

உதவிகளுக்கெல்லாம் மனுப் போட்ட பிறகு, எதற்குப் பணம் இல்லையோ அதைத்தான் நாம் கேட்கிறோம். அதை மாதக் கணக்கில் எழுத வேண்டும். இரத்தச் சுத்திகரிப்பை எடுத்துக்கொள்வோம். வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆண்டுக்கு 156 முறை, மாதத்திற்கு 13. ஒரு நோயாளிக்கு எல்லா உதவியும் போக ஒவ்வொரு முறைக்கும் 90 ரிங்கிட் கைப்பணம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,170 ரிங்கிட், ஆண்டுக்கு 14,040 ரிங்கிட். இந்தச் செலவு அடுத்த ஆண்டும் வரும், அதற்கடுத்த ஆண்டும் வரும். இப்படிப்பட்ட நோய்க்கு ஒருமுறை பெரிய வசூல் செய்வது பொருத்தமன்று. மாதம் 10 ரிங்கிட் தர 120 பேரைச் சேர்ப்பதுதான் பொருத்தம். அறுவை சிகிச்சை போன்ற ஒருமுறைச் செலவுக்குக் கணக்கு வேறு.

தனியார் மருத்துவமனையில்தான் சிகிச்சை என்றால் எழுத்து மூலம் மதிப்பீடு பெறுங்கள். அதில் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் தங்கும் நாள்கள் எத்தனை சேர்க்கப்பட்டுள்ளன, இரத்தம், திசு ஆய்வு, உடலில் பொருத்தும் பொருள்கள் ஆகியவை உள்ளடக்கமா, முன்பணம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒருமுறை நாங்கள் இதைக் கேட்கத் தவறினோம். நான்கு நாள் கூடுதலாகத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருக்க நேர்ந்ததும், வசூல் முடிந்துவிட்டது என்று அறிவித்த பத்தே நாளில் மறுபடி மக்களிடம் போய் நின்றோம். இரண்டாம் முறை கேட்டபோது கொடுத்தவர்கள் கால்வாசிப் பேர்தான். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சிறு செலவுகளை மறக்க வேண்டாம். பெருநிலத்தில் உள்ள நிபோங் திபாலிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் தீவுக்கு வருபவரை எண்ணிப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் என்று ஐந்து வாரங்களில் 25 முறை வர வேண்டிய சிகிச்சை என்றால், காரில் பாலம் கடக்கும் சுங்கக் கட்டணமே ஒரு கணிசமான தொகை ஆகிவிடும். பெட்ரோலும் காவலுக்கு வரும் உறவினரின் சாப்பாடும் தனி. மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் பாலத்தில் கட்டணம் இல்லை. ஆனால் கதிர்வீச்சு முடிந்து வருபவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து அழைத்துச் செல்லச் சொல்ல யாருக்கு மனம் வரும்? பெரியவர்களுக்கான அணையாடை, ஊட்டச்சத்துப் பால்மாவு, புண் கட்டும் துணி, வாடகை ஆக்சிஜன் கருவி என்று ஒரு பட்டியல் போட்டால், பணமாகத் தர முடியாதவர்கள் பொருளாகத் தருவார்கள். தம் காரில் வாரம் ஒருமுறை அழைத்துச் செல்ல முன்வருபவர்களும் கிடைப்பார்கள்.

நான்காம் படி: யார் பெயரில் திரட்டுவது, எந்த அனுமதியுடன்?

உறவினரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் நன்கொடை வாங்குவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். அவர் நேர்மையானவராகவே இருப்பார். ஆனால் அவருடைய சம்பளமும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், எது யாருடையது என்று பிறகு அவராலேயே காட்ட முடியாது. மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பணத்தை நேரடியாக மருத்துவமனைக்கோ சுத்திகரிப்பு மையத்திற்கோ, நோயாளியின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டுச் செலுத்தச் செய்வது முதல் வழி, இதுவே சிறந்தது. ஏற்கெனவே பதிவுபெற்ற ஒரு சங்கம் தன் கணக்கில் வாங்கித் தனிப் பதிவேட்டில் எழுதுவது அடுத்தது. இரண்டும் இயலாவிட்டால், இருவர் கையெழுத்தும் தேவைப்படும் கூட்டுக் கணக்கைப் புதிதாகத் திறக்க வேண்டும்; அவ்விருவரில் ஒருவராவது குடும்பத்திற்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும்.

சட்டப் பக்கம் வருவோம். பொது இடத்தில் உண்டியல் நீட்டுவதற்கும் வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கும் 1947ஆம் ஆண்டின் வீடு மற்றும் தெரு வசூல் சட்டத்தின்கீழ்க் காவல் துறையின் உரிமம் வேண்டும். மாவட்டக் காவல் தலைமையகத்தில் மனுக் கொடுங்கள். தேதி, இடம், வசூலிப்பவர்களின் பெயர், நோக்கம், பணம் யாருக்குச் செல்கிறது என்பவை தெளிவாக இருக்கட்டும். உரிமத்தின் நகல் ஒவ்வொரு தொண்டரின் கையிலும் இருக்க வேண்டும். லெபோ பாசார் கடைத்தெருவில் சனிக்கிழமை மாலை கூட்டத்தைப் பார்த்ததும் இளைஞர்களுக்கு உற்சாகம் வந்து, "ஒரு மணி நேரம்தானே, யார் கேட்கப் போறாங்க?" என்பார்கள். உரிமம் இல்லாத ஒரு மணி நேரத்தால் நோயாளியின் பெயர் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறக்கூடாது.

அதிர்ஷ்டக் குலுக்குச் சீட்டு விற்கும் எண்ணம் இருந்தால் அது 1952ஆம் ஆண்டின் குலுக்குச் சீட்டுச் சட்டத்தின்கீழ் வருவது. தனி அனுமதி வேண்டும். நோயாளிகளுக்காக நிதி திரட்டும் எங்கள் குழு அதைத் தொடுவதே இல்லை. உணவுச் சந்தைக்கும் மண்டப நிகழ்ச்சிக்கும் தீவில் பினாங்கு மாநகர் மன்றத்திடமும், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றத்திடமும் விசாரியுங்கள். ஒரு முறைக்கு மட்டும் கூடிய குழு தனக்குச் சங்கம் என்று பெயர் சூட்டி ரசீது அச்சடிப்பது தவறு. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவான பின்னரே அந்தப் பெயர் உங்களுக்கு உரியது.

வரி விலக்கைப் பற்றியும் பலர் தவறாக வாக்குக் கொடுக்கிறார்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திற்குத் தரும் பண நன்கொடைக்கே கழிவு உண்டு. அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். தனி நோயாளிக்குத் தரும் பணத்திற்கு அது கிடையாது. நிறுவனங்களிடம் பெரிய தொகை கேட்கப் போகிறீர்கள் என்றால், அங்கீகாரம் பெற்ற ஓர் அறநிறுவனத்தோடு முதலில் பேசி, அதன் வழியாகச் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: வேண்டுகோளை எழுதுதல்

நல்ல வேண்டுகோள் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். யார், என்ன நோய், எங்கே சிகிச்சை, மொத்தச் செலவு எவ்வளவு, அரசும் குடும்பமும் ஏற்கும் பகுதி எவ்வளவு, மீதி எவ்வளவு, எந்த நாள் வரை வசூல், பணம் எங்கே போகும், யாரை அழைத்து உறுதி செய்துகொள்ளலாம், பணம் மிஞ்சினால் என்ன செய்யப்படும். இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. அதுதான் பிறகு சண்டையாக வருகிறது.

நோயாளியைப் பரிதாபத்திற்குரிய பொருளாக ஆக்காதீர்கள். அழும் குழந்தை, திறந்த புண், குழாய் செருகிய மூக்கு ஆகிய படங்கள் ஒரு நாளைக்கு அதிகம் பகிரப்படலாம். பகிரப்பட்டவை திரும்பி வருவதில்லை. பட்டர்வொர்த் நண்பருக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது, அவர் லோரியின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கும் பழைய படம். கீழே ஒரு வரி: "பதினெட்டு ஆண்டுகள் வடக்கு நெடுஞ்சாலையில் லோரி ஓட்டியவர், ஆறு மாதம் ஓய்வெடுக்க வேண்டியிருக்கிறது." அவரே படித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வெளியிட்டோம்.

பினாங்கில் வாழ்ந்துகொண்டு தமிழில் மட்டும் எழுதிவிட்டு நிற்க வேண்டாம். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் சரிபார்த்த வடிவம் வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ படிக்கக் கொடுங்கள். 1910இல் இங்கே தொடங்கிய குவோங் வா உள்ளிட்ட சீன நாளிதழ்களின் வாசகர்களுக்கு மருத்துவ வேண்டுகோள் புதிதன்று. எங்கள் குழுவுக்கு மாதம் தவறாமல் நன்கொடை தருபவர்களில் மூன்றில் ஒருவர் தமிழர் அல்லாதவர்.

ஆறாம் படி: திரட்டும் வழிகள்

கைப்பேசியில் குறியீட்டைப் படம் பிடித்துப் பணம் அனுப்பும் டுயிட்நவ் கியூஆர் வந்த பிறகு சிறு தொகை தருவது எளிதாகிவிட்டது. கடையில் தேநீர் குடித்துக்கொண்டே 5 ரிங்கிட் அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அறிவிப்பில் உள்ள குறியீட்டை மட்டும் மாற்றி ஒட்டி மோசடிக்காரர்கள் பரப்புவதும் அதே அளவு எளிது. எனவே குறியீட்டின் கீழே கணக்கின் முழுப்பெயரை அச்சிட்டு, "பணம் அனுப்பும் முன் திரையில் இந்தப் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள்" என்று எழுதுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைச் சரிபார்க்கலாம். உங்கள் அறிவிப்பைப் போலியாக்கியிருப்பது தெரிந்தால் உடனே புகார் கொடுத்து, ஏமாந்து பணம் அனுப்பியவர்களை, மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

மாத நன்கொடைக்கு, மாதந்தோறும் தானாகப் பணம் செல்லும்படி வங்கியில் நிலைக்கட்டளை போடச் சொல்வது சிறந்தது. ஒவ்வொரு மாதமும் நினைவூட்டிக்கொண்டிருந்தால் கொடுப்பவரும் களைப்பார், கேட்பவரும் களைப்பார்.

விற்பனை வழியைப் பற்றி ஒரு கணக்கு. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் எங்கள் பெண்கள் பிறையில் ஒரு வீட்டின் பின்கட்டில் முறுக்குச் சுட்டார்கள். 200 பொட்டலம், ஒன்று 15 ரிங்கிட், வரவு 3,000 ரிங்கிட். அரிசிமாவு, உளுந்துமாவு, எண்ணெய், எரிவாயு, பிளாஸ்டிக் டப்பா, ஒட்டுத்தாள் எல்லாம் சேர்த்துச் செலவு 1,240, மிஞ்சியது 1,760. ஐந்து பேர் ஆறு நாள் நின்று உழைத்தார்கள். வள்ளியம்மை அக்கா என்று நாங்கள் அழைக்கும் மூத்தவருடைய முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு இன்னும் இருக்கிறது. இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிட்டு, உங்களிடம் அத்தனை கைகள் இருக்கின்றனவா என்று முடிவு செய்யுங்கள். கைகள் இல்லாத குழு விருந்து, கலைநிகழ்ச்சி என்று இறங்கினால் மண்டப வாடகைக்கே வசூல் கரைந்துவிடும்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் வசூலிக்கலாமா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். கோயில் நிர்வாகத்தின் இசைவும் காவல் துறை உரிமமும் இல்லாமல் முடியாது. அவை கிடைத்தாலும் நான் தயங்குவேன். காவடி தூக்கி வருபவரின் பாதையில் உண்டியலை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. திருமணம், பிறந்தநாள், திதி போன்ற நாள்களில் அன்பளிப்புக்குப் பதிலாக நோயாளி நிதிக்குத் தரும்படி வீட்டார் தாமே அறிவிப்பது எவ்வளவோ மேல்.

ஏழாம் படி: மொய் நோட்டைப் போல ஒரு கணக்கு

கணக்கெழுத நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, பெயர், ஊர், தொகை என்று வரிசையாக எழுதி, ஒருவர் வாங்க, ஒருவர் எழுத, ஒருவர் எண்ணிப் பெட்டியில் போடும் வழக்கம் நம்முடையது. அதையே இங்கேயும் செய்யுங்கள். பணத்தை வாங்குபவரும் எழுதுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். கெட்டுப்போன ரசீதையும் கிழித்தெறியாமல் 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே வைத்திருக்க வேண்டும். உண்டியலை இருவர் முன்னிலையில் திறந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, மறு வேலை நாளிலேயே வங்கியில் போட்டுவிடுங்கள்.

பிறை அடுக்குமாடியில் ஓர் ஆயா, மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்த சில்லறையைக் கொண்டுவந்து கொட்டினார். எண்ணினால் 37 ரிங்கிட் 40 காசு. பெரிய மனதுடன் யாரோ 40 ரிங்கிட் என்று ரசீது எழுதப் போக, அவர் தடுத்துவிட்டார். "எவ்வளவு இருக்கோ அவ்வளவே எழுதுப்பா" என்றார். ரசீதை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

செலவுப் பக்கத்தில், மருத்துவமனைக்குச் செலுத்தியதன் ரசீது எண், நாள், தொகை ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு வரியும் ஏறக் கூடாது. வீட்டுச் செலவுக்குத் தரும் பணத்தைக் குறித்த நாளில், குறித்த தொகையாகக் கொடுங்கள். அந்தக் குடும்பம் அரிசி வாங்கிற்றா கைப்பேசி வாங்கிற்றா என்று துருவ வேண்டாம். இரு வாரங்களுக்கு ஒருமுறை வரவு, செலவு, இருப்பு ஆகியவற்றை வேண்டுகோளை வெளியிட்ட அதே புலனக் குழுவில் வெளியிடுங்கள். பெயர் வேண்டாம் என்ற நன்கொடையாளருக்கு ரசீது எண் மட்டும் போதும்.

எட்டாம் படி: வசூலை நிறுத்துதல்

இலக்கை எட்டிய அன்றே அறிவிப்பை நிறுத்த வேண்டும். நல்ல வேகத்தில் வருகிறதே என்று இன்னும் ஒரு வாரம் விட்டு வைக்கும் ஆசை எல்லாக் குழுக்களுக்கும் வரும். கியூஆர் படத்தின் மீது 'நிறைவடைந்தது' என்று பெரிதாக எழுதி அதே குழுக்களில் மறுபடி பகிருங்கள்.

நோயாளி இறந்துபோனால் என்ன செய்வது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். உயிரோடிருப்பவரைப் பற்றி அப்படிப் பேசுவது அபசகுனம் என்று வீட்டில் எதிர்ப்பு வரலாம். "பணம் மிஞ்சினால்" என்று பொதுவாக எழுதினால் போதும். எங்கள் வழக்கம் இது: மருத்துவமனைப் பாக்கியும் இறுதிச் சடங்குச் செலவும் முதலில், பிறகு குடும்பத்திற்கு மூன்று மாதச் செலவு, அதற்கு மேல் உள்ளது, அறிவிப்பில் பெயர் குறிப்பிட்ட மற்றொரு நோயாளிக்கோ அறநிறுவனத்திற்கோ. நன்கொடையாளர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள் என்பதால் பிறகு ஒரு கேள்வியும் எழவில்லை.

இறுதிக் கணக்கைக் குழுவில் இல்லாத, கணக்குத் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கி ஊழியரோ ஊரில் ஒருவராவது இருப்பார். கூட்டுக் கணக்கை மூடி, மூடியதற்கான வங்கிக் கடிதத்தையும் கோப்பில் சேர்த்து, ரசீது அடிக்கட்டைகளோடு ஏழு ஆண்டுகளுக்கு வைத்திருங்கள்.

கடைசியாகப் படங்கள். எங்கள் குழு தொடங்கிய காலத்தில் ஓர் இளைஞருக்காகப் போட்ட அறிவிப்பை நாங்கள் நீக்கத் தவறினோம். அவர் காலமாகி ஓராண்டு கழித்து, வெளிமாநிலத்திலிருந்து யாரோ நல்லெண்ணத்தோடு அவருடைய தாயாரை அழைத்து, "மகனுக்கு இப்போ எப்படி இருக்கும்மா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நாங்கள் எந்த அறிவிப்பிலும் குடும்பத்தாரின் தொலைபேசி எண்ணைப் போடுவதில்லை, குழுவின் எண்தான் இருக்கும். வசூல் முடிந்த வாரத்திலேயே முகநூல் பதிவுகளை நீக்கி, பகிர்ந்தவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பி நீக்கச் சொல்லிக் கேட்கிறோம். இதற்கென்றே ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, எந்தெந்தப் பக்கத்தில் பகிரப்பட்டது என்ற பட்டியலை அவர் முதல் நாளிலிருந்தே எழுதி வரும்படி செய்யுங்கள்.